பெட்டியில் பூட்டி வைப்பதா? எடுத்துப் பாவிப்பதா?

ஆபத்து நேரச் சாமான்கள் பற்றி ஒரு பாடம்



தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு டிவிஷனில், பிள்ளை மடுவத்துத் திண்ணையில் கூட்டம் வைத்திருந்தோம். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் லயத்துக்கு லயம் என்னென்ன சாமான் தயாராக இருக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் அன்றைய வேலை. டோர்ச் லைட் பற்றிப் பேச்சு வந்ததும் இரண்டு பெண்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது.

மூத்தவர் சொன்னார்: "ஆபத்துக்குன்னு குடுத்த சாமான ஆபத்துக்குத்தான் எடுக்கணும். தெனமும் எடுத்துக்கிட்டு திரிஞ்சா அன்னைக்கு அது இருக்காது."

இளையவர் விடவில்லை: "எடுக்காமலே வச்சிருந்த சாமான் அன்னைக்கு எரியாது பெரியம்மா. எரியாத டோர்ச்ச வச்சிக்கிட்டு என்னா செய்யிறது?"

பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "ஐயா, நீங்களே சொல்லுங்க. யாரு சொல்றது சரி?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பெரியம்மா சொன்னதும் நடந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தங்கச்சி சொன்னதும் நடந்து பார்த்திருக்கிறேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். யோசித்ததைத்தான் இந்தப் பாடமாக எழுதுகிறேன்.

பூட்டியிருந்த பெட்டி

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் வேறொரு தோட்டத்தில் இருந்தேன். லயத்து மக்களுக்கென்று ஒரு பெட்டி வந்தது. உள்ளே நான்கு டோர்ச், ஒரு கை ஒலிபெருக்கி, நைலோன் கயிறு, மடக்கி வைக்கக்கூடிய ஸ்ட்ரெச்சர், முதலுதவிச் சாமான்கள் எல்லாம் இருந்தன. வந்த அன்று பெட்டிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தோம். "இது ஆபத்துக்கு. யாரும் தொடக்கூடாது" என்று சொல்லி, ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டியவன் வேறு யாருமில்லை, நானேதான்.

ஒன்றரை வருடம் போயிற்று. ஒரு ராத்திரி விடாத மழை. லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து ஒரு வீட்டுக் குசினியில் விழுந்தது. ஒரு தாத்தாவின் கால் சுவருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஓடிப்போய்ப் பெட்டியை எடுக்கலாம் என்றால், சாவி வைத்திருந்தவர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். அலவாங்கால் பூட்டை உடைத்தோம். டோர்ச்சைத் தட்டினால் எரியவில்லை. பெட்டரி உள்ளேயே கிடந்து கசிந்து, ஸ்பிரிங் எல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருந்தது. ஒலிபெருக்கிக்கும் அதே கதி. ஸ்ட்ரெச்சரை எப்படி விரிப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் காலால் மிதித்தார், ஒருவர் இழுத்தார், கீல் துருப்பிடித்து இறுகியிருந்தது.

கடைசியில் ஒரு கம்பளியையும் இரண்டு மரக்கம்பையும் வைத்துத்தான் அவரை ரோட்டுக்குத் தூக்கினோம். வெளிச்சம் பிடித்தது யார் தெரியுமா? தன் மரக்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்ட ராத்திரி ராத்திரி டோர்ச் எடுத்துப் போகிற ஒரு தம்பி. ஒவ்வொரு நாளும் பாவித்த டோர்ச், அதனால் எரிந்தது. பூட்டை உடைப்பதிலும் ஸ்ட்ரெச்சரோடு மல்லுக்கட்டுவதிலும் நாங்கள் வீணாக்கியது முக்கால் மணி நேரத்துக்கு மேல். தாத்தா உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் கால் பழையபடி வரவில்லை.

திறந்திருந்த அலுமாரி

அந்த ராத்திரிக்குப் பிறகு எனக்குப் பூட்டு என்றாலே வெறுத்துப்போனது. அடுத்துப் போன தோட்டத்தில் நேர் எதிராகச் செய்தேன். சாமான்களைத் திறந்த அலுமாரியில் வைத்து, "எல்லாரும் எடுத்துப் பாவியுங்கள், பழகிக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். மக்களும் நன்றாகவே பழகினார்கள்.

ஒரு டோர்ச் காமன் கூத்துக்குப் போனது, திரும்பவில்லை. ஒலிபெருக்கி கிரிக்கெட் மெட்ச்சுக்குப் போனது, வரும்போது பெட்டரி செத்துப்போய் வந்தது. கயிறு ஒரு பசுமாட்டின் கழுத்தில் இருந்தது. பிளாஸ்டர், பஞ்சு, பண்டேஜ் எல்லாம் கவ்வாத்துக் கத்திக் காயத்துக்கும் அட்டைக் கடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தன. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாமே தேவைக்குத்தான் எடுத்தார்கள். ஒரு நாள் மலையில் குளவி கலைந்து, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் சிலரைக் கொட்டிவிட்டது. ஓடிவந்து முதலுதவிப் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருந்தது ஒரு கத்தரிக்கோலும் ஒரு வெறும் போத்தலும்தான்.

ஆகவே, பூட்டியதும் நான்தான். திறந்து விட்டதும் நான்தான். இரண்டிலும் தோற்றுப்போனேன். இரண்டு இடத்திலும் நான் செய்த பிழை ஒன்றுதான்: எல்லாச் சாமானையும் ஒரே மாதிரி நினைத்தேன்.

நாம் ஏன் பூட்டுகிறோம்?

பூட்டி வைக்கிற பழக்கத்தை யாரும் கேலி செய்யக்கூடாது. அதற்குக் காரணம் இருக்கிறது. நம்முடைய பாட்டிமார் ஒவ்வொருவரிடமும் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதற்குள் நகை இருந்ததோ இல்லையோ, கடுதாசி இருந்தது. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 'நான் இந்த நாட்டில் பிறந்தவன், என் அப்பாவும் இங்கே பிறந்தவர்' என்று காட்ட ஒரு துண்டுக் கடுதாசி இல்லாமல் எத்தனை குடும்பம் நாடற்றவர்களாக நின்றது! 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அதுவரைக்கும் பெட்டியும் சாவியும்தான் காவல். தொட்டால் தொலைந்துவிடும் என்ற பயம் நம் இரத்தத்தில் ஊறியது அப்படித்தான்.

அதோடு இன்னொன்று. இல்லாதவன் வீட்டில் புதுச் சாமான் என்பது பெரிய விஷயம். புதுப் போர்வையை விருந்தாளிக்கு வைப்போம். புதுக் கோப்பையை அலுமாரியில் அடுக்கிவிட்டு நெளிந்த கோப்பையில் தேத்தண்ணி குடிப்போம். அதே மனதோடுதான் டோர்ச்சையும் அடுக்குகிறோம். கடுதாசி பெட்டியில் கிடந்தால் கெட்டுப்போகாது. கோப்பையும் கெடாது. பெட்டரி அப்படியில்லை. ரப்பரும் இரும்பும் மருந்தும் அப்படியில்லை. அவை சும்மா கிடந்தாலும் வயது போய்க்கொண்டுதான் இருக்கும்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது. ஆனால் அது கோவைக்குள் இருந்தது, மக்களின் அன்றாடத்துக்குள் வரவில்லை. போக வேறு இடமும் இல்லாமல் சனங்கள் அங்கேயே இருந்தார்கள். அன்று பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' சூறாவளி வந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் பெரும் சேதம் செய்தன. மலைநாட்டில் பல இடங்களில் கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை, பாதை இல்லை. வெளியில் இருந்து உதவி வந்து சேரும் வரைக்கும் லயத்து மக்களுக்கு லயத்து மக்கள்தான் துணை.

நம் பகுதியும் இப்படிப்பட்ட மலைதான். தெல்தோட்டைக்குப் பக்கத்திலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் லயங்களைக் கட்டியவர்கள் பார்த்தது வேலைக்குக் கிட்ட இருக்கிறதா என்பதைத்தான். மேலே இருக்கிற மலை எப்படிப்பட்டது என்று ஆராய்ந்து கட்டவில்லை. ஆகவே நம்மிடம் இருக்கிற நாலு சாமானும் அந்த ராத்திரியில் வேலை செய்தே ஆக வேண்டும்.

சாமான்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

இதுதான் இந்தப் பாடத்தின் நடுப்பகுதி. உங்களிடம் இருக்கிற ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைப் பாவித்தால் இது தேய்ந்து தீருமா, அல்லது நல்லபடியாக இருக்குமா?" பதிலைப் பொறுத்து மூன்று குவியலாகப் பிரிக்கலாம்.

முதலாவது குவியல்: ஒவ்வொரு நாளும் பாவிக்க வேண்டியவை

டோர்ச், ரேடியோ, குடை, போன், தண்ணீர்க் கேன், உணவுச் சாமான், மழை அளக்கிற டின் எல்லாம் இதில் சேரும்.

டோர்ச்சைப் பாருங்கள். ஒவ்வொரு ராத்திரியும் கக்கூசுக்குப் போக, மாட்டுப்பட்டிக்குப் போக எடுத்தால், வெளிச்சம் மங்குகிற அன்றைக்கே தெரிந்துவிடும். மறுநாளே பெட்டரி மாற்றுவோம். பெட்டியில் கிடந்தால் அது செத்தது தெரியாது, தேவைப்படுகிற அன்றுதான் தெரியும். சார்ஜ் பண்ணுகிற டோர்ச்சும் அப்படித்தான். சும்மா வைத்தாலும் சார்ஜ் மெல்ல மெல்ல இறங்கும். வெறுமையாகவே பல மாதம் கிடந்தால் உள்ளே இருக்கிற பெட்டரியே கெட்டுப்போகலாம்.

சில இளைஞர்கள் "போன்லயே டோர்ச் இருக்கே, தனியா எதுக்கு?" என்று கேட்கிறார்கள். தம்பிமாரே, ஆபத்து ராத்திரியில் போன் இருப்பது பேசுவதற்கு. வெளிச்சத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டு நின்று சார்ஜ் தீர்ந்துபோனால் அம்பியூலன்ஸுக்கு எதில் அடிப்பது? வெளிச்சத்துக்கு டோர்ச், பேச்சுக்கு போன் என்று பிரித்து வையுங்கள்.

உணவுக்கு ஜப்பான்காரர்கள் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். அங்கே 1923 செப்டெம்பர் 1ஆம் திகதி பெரிய பூமியதிர்ச்சி வந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். இன்றும் அந்தத் திகதியில் நாடு முழுவதும் பயிற்சி செய்கிறார்கள். ஆபத்துக்கென்று தனியாக உணவு வாங்கி மூலையில் போட்டால் காலாவதியாகிப்போகிறது என்று கண்டு, வீட்டில் அன்றாடம் சாப்பிடுகிற சாமானையே கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். பழையதை முதலில் எடுத்துச் சாப்பிட்டு, எடுத்த அளவுக்குப் புதியதை வாங்கிப் பின்னால் வைக்க வேண்டும். எப்போது பார்த்தாலும் வீட்டில் சில நாளைக்குச் சாப்பாடு இருக்கும், ஆனால் எதுவுமே பழையதாக இருக்காது.

நமக்கு இது புதிதல்ல. அரிசிப் பானையில் பழைய அரிசி தீருமுன் புது அரிசி கொட்டாத பாட்டிமார் நமக்கும் உண்டு. ஒரு கிலோ மா, கொஞ்சம் பருப்பு, ஒரு டின் மீன், பிஸ்கட் பக்கட், சீனி, தேயிலை. சம்பளம் எடுக்கிற மாதம் ஒரு சாமான் என்று கூடுதலாக வாங்கினால் போதும். ஒரே நாளில் எல்லாம் வாங்க நம்மால் முடியாது, தேவையும் இல்லை.

மழை அளக்கிற டின்னைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஒபீஸில் மழைமானி வைத்து நாளாந்தம் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையை லயத்திலும் செய்யலாம். வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள ஒரு டின்னை, மரமோ கூரையோ மறைக்காத வெளியில் ஆடாமல் வையுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில் பிள்ளைகளின் அடிமட்டத்தை விட்டு எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பாவிக்கிற அளவு இதுதான்:

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரை சென்ரிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும்.

24 மணி நேரத்தில் 100 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேற ஆயத்தமாக இருக்க வேண்டும்.

24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் பெய்தாலோ, ஒரு மணி நேரத்தில் மட்டும் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும்.

இந்த டின்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் அது வெறும் டின்தான். ஒவ்வொரு நாளும் பார்த்தால்தான் அது கருவி. தூறல் நாளில் பார்த்துப் பழகியவருக்குத்தான் பெருமழை நாளில் 'இது வழக்கமான மழை இல்லை' என்று பளிச்சென்று தெரியும். ஆனால் டின் கணக்குக்காகக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. நிலத்தில் புதிய வெடிப்பு, சுவர் பிளப்பு, கதவு ஜன்னல் திடீரென்று இறுகுவது, மரம் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது அல்லது திடீரென்று நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியேறுங்கள்.

இரண்டாவது குவியல்: தொடக்கூடாது, ஆனால் பார்க்க வேண்டும்

முதலுதவிப் பெட்டி, ஜீவனி பக்கட், தீயணைப்புச் சிலிண்டர், மாற்றுப் பெட்டரி, நெருப்புப் பெட்டி, முக்கியக் கடுதாசிகள்.

இவையெல்லாம் ஒரு தடவை பாவித்தால் தீர்ந்தது. பிரித்த பண்டேஜ் சுத்தமானது இல்லை. கரைத்த ஜீவனியை 24 மணி நேரத்துக்குப் பிறகு குடிக்கக் கூடாது. தீயணைப்புச் சிலிண்டரை 'வேலை செய்யுதா பாப்போம்' என்று ஒரு தடவை அமத்திப் பார்த்தால்கூட அதன் அமுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். பிறகு நிரப்பித்தான் ஆக வேண்டும். ஆகவே பெரியம்மா சொன்னது இந்தக் குவியலுக்கு நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் தொடாமல் இருப்பது வேறு, மறந்துபோவது வேறு. மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். மருந்தில் காலாவதித் திகதி பார்க்க வேண்டும். பவுடர்ச் சிலிண்டராக இருந்தால் முள் பச்சையில் நிற்கிறதா, ஊசி இருக்கிறதா, குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றுப் பெட்டரியை டோர்ச்சுக்குள் போடாமல், ஈரம் படாத பையில் தனியாக வைக்க வேண்டும்.

அப்படியானால் கவ்வாத்துக் கத்திக் காயத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் அந்தத் திறந்த அலுமாரியில் நான் விட்ட பிழை. சின்னக் காயத்துக்கு ஒரு சின்னப் பெட்டி வேறாக வேண்டும். அது அன்றாடப் பெட்டி. அதில் எடுக்கலாம், தீரலாம், மறுபடி நிரப்பலாம். பெரிய பெட்டி பெரிய காயத்துக்கு மட்டும். இரண்டு பெட்டிக்கும் வெவ்வேறு நிறம் அடியுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்.

கடுதாசிகள் விஷயத்தில் பாட்டிமார் வழியே நல்ல வழி. அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, ஊழியர் சேமலாப நிதிக் கடுதாசி, பாஸ் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாம் தண்ணீர் போகாத ஒரு பையில் ஒன்றாக இருக்கட்டும். ஆனால் பை டிரங்குப் பெட்டியின் அடியில் வேண்டாம், வாசலுக்குக் கிட்ட ஒரு ஆணியில் தொங்கட்டும். ஒரு வேலைக்கு எடுத்தால் அன்று பொழுது சாய்வதற்குள் திரும்பப் பையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது குவியல்: கை பழக வேண்டியவை

ஸ்ட்ரெச்சர், கயிறு, ஒலிபெருக்கி, விசில். இவை அன்றாடப் பாவனைக்கு இல்லை. அதற்காகப் பூட்டி வைக்கவும் கூடாது. இவற்றுக்கு வேண்டியது பயிற்சி.

'டைட்டானிக்' படம் பார்க்காத லயம் இல்லை. அந்தக் கப்பல் 1912 ஏப்ரலில் மூழ்கியபோது முதலில் இறக்கிய உயிர்காப்புப் படகில் 65 பேர் போகலாம். ஆனால் போனவர்கள் 30 பேர்கூட இல்லை. கப்பலில் படகுகள் போதாது என்பது உண்மை. இருந்த படகைக்கூட நிரப்பி இறக்கத் தெரியாமல் போனது அதைவிடக் கொடுமை. பயணிகளை வைத்துப் பயிற்சி செய்து பார்த்திருக்கவில்லை. புதுச் சாமான், கை படாத சாமான். என் கதையில் வந்த ஸ்ட்ரெச்சரும் அந்தப் படகும் ஒரே ஜாதி.

ஸ்ட்ரெச்சரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விரியுங்கள். ஒருவரைப் படுக்க வைத்து லயத்திலிருந்து ரோட்டுவரைக்கும் தூக்கிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, பெரியவர்களுக்கு அதுதான் பாடம். எந்தப் படிக்கட்டில் திரும்ப முடியாது, எந்தக் கானுக்கு மேல் பலகை வேண்டும், எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று அன்றுதான் தெரியும். முடிந்ததும் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கம்பளியிலும் இரண்டு கம்பிலும் தூக்கு கட்டவும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நைலோன் கயிறு வெயிலில் கிடந்தால் பலம் போய்விடும். ஆகவே துணி காயப்போடவோ மாடு கட்டவோ அந்தக் கயிறு வேண்டாம். அதற்கு வேறு கயிறு. ஆபத்துக் கயிறு நிழலில், காய்ந்த இடத்தில், எலி போகாத இடத்தில் இருக்க வேண்டும். பயிற்சி நாளில் எடுத்து, முடிச்சுப் போட்டுப் பழகி, வெட்டுப்பட்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துச் சுருட்டி வையுங்கள்.

ஒலிபெருக்கியைக் கூட்டம் கூப்பிட, கிளினிக் நாள் அறிவிக்கப் பாவிக்கலாம். அதனால் நல்லதே நடக்கும், அது வேலை செய்வது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆபத்துக்கென்று ஒரு தனி ஓசை வேண்டும். விசிலோ, கோயில் மணியோ, ஒலிபெருக்கியின் சைரனோ, எதை வைத்தாலும் அதை வேறு எதற்கும் அடிக்கக் கூடாது. பொய்யாக இரண்டு தடவை கேட்ட ஓசைக்கு மூன்றாவது தடவை யாரும் எழும்ப மாட்டார்கள்.

எடுத்தவர் வைக்க வேண்டும்

பாவிப்பது பிழையில்லை என்று சொன்னேன். ஆனால் ஒரு சட்டம் இல்லாமல் பாவித்தால் என் திறந்த அலுமாரிக் கதைதான். அந்தச் சட்டத்தை மூன்று வரியில் சொல்லலாம்.

1. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே ஒரு இடம். வேலைக்கூடங்களில் செய்கிற மாதிரி, சுவரில் ஆணி அடித்து, அந்தச் சாமானின் உருவத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். சாமான் இல்லாவிட்டால் வெறும் உருவம் கண்ணில் குத்தும்.

2. எடுத்தவர் இருட்டுவதற்கு முன்னால் திரும்ப வைக்க வேண்டும். ஆபத்து பெரும்பாலும் ராத்திரி மழையோடுதான் வருகிறது.

3. தீர்த்தவர் சொல்ல வேண்டும். பெட்டரி முடிந்தால், பிளாஸ்டர் தீர்ந்தால் வெட்கப்படாமல் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ஒளித்து வைப்பதுதான் குற்றம், பாவித்தது குற்றமில்லை.

சாவி போட்டுத்தான் ஆக வேண்டிய இடமென்றால், சாவி இரண்டு வேண்டும். இரண்டும் லயத்திலேயே இருக்கிற இரண்டு வெவ்வேறு வீட்டில் இருக்க வேண்டும். அதில் ஒரு வீடு பெண் பொறுப்பாளர் வீடாக இருந்தால் நல்லது. ஒருவர் கண்டிக்குப் போனாலும் மற்றவர் இருப்பார்.

சம்பள ஞாயிறு

பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நாள் குறிக்காவிட்டால் நடக்காது. அதனால் ஒவ்வொரு மாதமும் சம்பளம் எடுத்த பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். கையில் காசு இருக்கும், குறைந்ததை வாங்கலாம். லயத்துக்கு இரண்டு பேர், அரை மணி நேரம், ஒரு கொப்பி. எல்லா டோர்ச்சையும் எரித்துப் பாருங்கள். இரண்டாவது குவியலின் திகதிகளைப் பாருங்கள். மழைக் கணக்கைப் புரட்டுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, சுனாமியை நினைத்து டிசம்பர் 26ஆம் திகதி நாடு முழுவதும் தேசிய பாதுகாப்புத் தினம் வருகிறது. அன்று லயம் முழுவதும் சேர்ந்து வெளியேறிப் பார்ப்பதற்கு நல்ல நாள்.

கொப்பியின் முன்பக்கத்தில் இந்த இலக்கங்களைப் பெரிதாக எழுதி வையுங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, இலவச அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் 119, தீயணைப்பு 110.

நினைவில் வைக்க

டோர்ச், உணவு, மழை டின்: ஒவ்வொரு நாளும் பாவியுங்கள், தீர்ந்ததை நிரப்புங்கள்.

மருந்து, சிலிண்டர், மாற்றுப் பெட்டரி, கடுதாசி: வீணாகத் தொடாதீர்கள், மாதம் ஒரு தடவை பாருங்கள்.

ஸ்ட்ரெச்சர், கயிறு, ஒலிபெருக்கி: பூட்டாதீர்கள், பழகுங்கள்.

லயத்தில் கூடிப் பேச

1. உங்கள் லயத்தில் ஆபத்துச் சாமான் எங்கே இருக்கிறது? சாவி இப்போது யார் கையில்?

2. இந்த நிமிடம் கரண்ட் போனால் உங்கள் வீட்டு டோர்ச்சை இருட்டில் தடவி எடுக்க முடியுமா?

3. நடக்க முடியாத பெரியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள்? அவர்களை யார் தூக்குவது?

4. உங்கள் வீட்டில் 'அப்புறம் பாவிக்கலாம்' என்று வைத்துக் கெட்டுப்போன சாமான் எது?

இனி அந்த இரண்டு பேருக்கும் என் பதில். பெரியம்மா, மருந்துப் பெட்டிக்கு நீங்க சொன்னதுதான் சரி. தங்கச்சி, டோர்ச்சுக்கு நீ சொன்னதுதான் சரி. அடுத்த சம்பள ஞாயிறு நான் உங்க லயத்துக்கு வாறேன். ரெண்டு பேரும் சேர்ந்து பெட்டியைத் திறந்து, சாமானை மூன்று குவியலாகப் பிரித்துக் காட்டுங்கள். பிழையிருந்தால் நான் திருத்துகிறேன், என்னில் பிழையிருந்தால் நீங்கள் திருத்துங்கள்.